பெரியப்பாவின் வேன் தலையணை

ஒரு பழைய இலவம்பஞ்சுத் தலையணையைக் கடலில் விடலாமா, கூடாதா? சுற்றுச்சூழல் அறிவியல் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள் நான். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் இன்னும் பதில் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் டியூஷன் நிலையத்தில் என் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நிர்வாகி கேட்டார். பணி அனுபவம் என்று எழுதும் வயது எனக்கு ஆகவில்லை. வேலையை விட்டு ஒரு வருடம்கூட நிறையவில்லை. மகளுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது. எழுத உட்கார்ந்தால் கடித்ததை எல்லாம் பிடுங்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் மேல்நிலைச் சுற்றுச்சூழல் அறிவியல் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யப் போகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்து மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டேன். இது நான்காவது.

பாடத்திட்டத்தைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அது உங்களிடமே இருக்கிறது. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். கார்பன் சுழற்சி, மண் அடுக்கு, கணக்கு, எல்லாம் ஓட்டிவிடுவார்கள். கடைசியில் ஒரு நீண்ட கேள்வி வரும்: ஒரு பிரச்சினைக்குத் தீர்வு சொல், அது ஏன் நடக்கும் என்று விளக்கு, அதனால் வரும் பாதிப்பு ஒன்றையும் சொல். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவார்கள். ‘அரசாங்கம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்.’ மதிப்பெண் கிடைக்காது.

இதை எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து அறையில் வேதியியல் எடுத்தவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். என் மாணவர்களின் விடைத்தாளை எடுத்து, பாசார் சந்தையில் மீன் விற்கிற ஆன்டியின் குரலில் வாசிப்பார். “விழிப்புணர்வா? அது கிலோ என்ன வெலை?” என்று நிறுத்துவார். வகுப்பே சிரிக்கும். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்: “தீர்வு எழுதறப்ப ஒரு முகத்தப் பாத்து எழுதச் சொல்லுங்க. அந்த ஆள் என்ன செய்யணும், அதனால அவருக்கு என்ன நஷ்டம்னு பையன் யோசிக்கணும். முகம் இல்லாத தீர்வு யாருக்கும் ஆகாது.”

அன்றிலிருந்து என் வகுப்பில் அதற்கு ‘முகக் கேள்வி’ என்று பெயர். ஒவ்வொருவரும் ஒரு முகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவன் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் ‘மாமாக்’ சாப்பாட்டுக் கடை நடத்துகிறவரைச் சொன்னான். யாழினி சொன்னது அவள் பெரியப்பாவை. அவள் பெயரை மாற்றியிருக்கிறேன்.

யாழினி கிள்ளானிலிருந்து வருவாள். பெரியப்பா அவளுடைய அப்பாவின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்தவர். பள்ளி வேன் ஓட்டுவார். சனிக்கிழமைகளில் அதே வேனில் யாழினியைக் கூட்டிக்கொண்டு வந்து, வகுப்பு முடியும்வரை கீழே நிறுத்திவிட்டு, முன் இருக்கையில் ஒரு தலையணை போட்டுச் சாய்ந்திருப்பார். நான் படியேறும்போதெல்லாம் ஏதாவது சொல்வார். “டீச்சர், இன்னைக்குப் புகை பாடமா? என் வேன் பின்பக்கம் மட்டும் வந்துறாதீங்க லா.”

இடைவேளையில் யாழினி கீழே ஓடுவாள். தான் எழுதிய தீர்வை அவரிடம் படித்துக் காட்டுவாள். எல்லாரும் பேருந்தில் போக வேண்டும் என்று எழுதியிருந்த நாளில், “அப்ப நான் சோத்துக்கு எங்க போறது? அதையும் எழுதும்மா” என்று கேட்டாராம். அவள் மூச்சு வாங்க மேலே வந்து, பள்ளி வேன்களுக்கு மட்டும் தனித் தடம் என்று திருத்தினாள். அது அந்தப் பருவத்திலேயே சிறந்த விடை. வேதியியல் ஆசிரியர் கையைத் தட்டினார். கீழே வேனில் இருந்தவருக்கு நுரை பொங்க ஆற்றிய தேநீர், ஒரு தே தாரிக், வாங்கிக் கொடுத்துவிட்டும் வந்தார்.

தேர்வு நெருங்கிய நேரத்தில் பெரியப்பா இறந்துவிட்டார். காலையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். 

கருமாதி நாள் தேர்வு நாளிலேயே விழுந்தது. காரியம் காலையில், தேர்வு பிற்பகலில். மாற்றுத் தேதி உண்டா என்று தேர்வு நடக்கும் பள்ளியில் கேட்டேன், இல்லை என்றார்கள். அந்தத் தேர்வில் ஒரு குறிப்பிட்ட மதிப்பெண் கிடைத்தால்தான் பினாங்கில் அவள் விரும்பிய படிப்பு. அவள் வேறு எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. இரண்டாவதாக ஒன்றைப் போட்டுவை என்று நான் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் சிக்கல் தேதியில் இல்லை. காலையில் காரியம் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் வீட்டில் பேசியிருக்கிறார்கள். இடையில் வேறொன்று நடந்தது.

கிள்ளானில் அவர்கள் வழக்கம், கருமாதி அன்று கடலுக்குப் போய்ப் பிண்டமும் பூவும் விடுவது. கூடவே இறந்தவரின் பாய், துணி, செருப்பு, கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கடலில் போட்டுவிடுவார்கள். வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்பார்கள். யாழினியின் அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, உறவினர் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது என்னென்ன கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். யாழினி நடுவில் எழுந்து, இதெல்லாம் மக்காத குப்பை, கடல் உயிர்களுக்கு ஆபத்து, சட்டப்படியும் தவறு என்று சொல்லியிருக்கிறாள். நான் பலகையில் எழுதிக்கொடுத்த அதே வார்த்தைகள், அதே வரிசை.

அண்ணனின் துணியைக் குப்பை என்று கேட்ட அத்தை கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாராம். பிறகு, “இந்தப் படிப்பு போதும். பரீட்சைக்குப் போக வேணாம்” என்று எழுந்து போய்விட்டார். அந்த வீட்டில் அத்தை சொன்னால் சொன்னதுதான். யாழினியின் அப்பாவும் அம்மாவும் அதை மீறிப் பேசமாட்டார்கள்.

யாழினி எனக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: “டீச்சர், நான் எக்ஸாம் வரல. அத்தை மேல தப்பு இல்ல. நான் பேசினது பெரியப்பா மூஞ்சிய நெனைக்காம பேசினது.”

அதைப் படித்ததும் என் வயிற்றுக்குள் மகள் உதைத்தாள். ஆறாம் மாதம் எனக்கு. இதைச் சகுனம் என்று சொல்லவில்லை. அவள் சாப்பாட்டு நேரத்தில் எப்போதும் உதைப்பாள்.

நிர்வாகியிடம் கேட்டேன். குடும்ப விஷயம், நாம் நுழையக்கூடாது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நாளைக்கு உங்களுக்கும் இதே மாதிரி ஒன்று வந்தால் அவர் இதையேதான் சொல்வார், நீங்களும் யோசியுங்கள். வேதியியல் ஆசிரியர், போனால் பரீட்சை என்ற சொல்லை வாயில் எடுக்காதே என்றார். அதுவும் சரி என்றே பட்டது. பரீட்சையைப் பற்றிப் பேசாமல் இருக்க, எங்கள் வீடு இருக்கும் பூச்சோங்கிலிருந்து கிள்ளானுக்கு எதற்குப் போக வேண்டும் என்று கணவரிடம் புலம்பினேன். அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, “துக்கம் கேக்கப் போறோம். அவ்வளவுதான்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அவர்கள் வீட்டு முன்னால் கூடாரம் இன்னும் பிரிக்காமல் இருந்தது. அதன் ஓரத்தில் வேன், பாதி கழுவினபடி. நான் கேட்டைத் திறக்கப் போனேன். உள்ளேயிருந்து வேகமாக வந்த ஒரு பெண்மணி கையை நீட்டித் தடுத்தார். அவர்தான் அத்தை என்று சொல்லாமலே தெரிந்தது. பெரியப்பாவின் அதே மூக்கு.

“நீங்கதான் அந்த டீச்சரா?”

ஆமாம் என்றேன். அவர் பார்வை என் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது.

“உள்ள வராதீங்க. வயித்துல புள்ளய வச்சுக்கிட்டு யாராச்சும் சாவு வீட்டுக்கு வருவாங்களா? உங்க மாமியாருக்குத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அதானே” என்றார். திரும்பிப் பார்த்து யாரையோ கூப்பிட்டு, கேட்டுக்கு வெளியே, எதிர்வீட்டு மாமர நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார். ஒரு பாக்கெட் சோயா பானம் வந்தது. கூடவே ஓர் எலுமிச்சம்பழம். அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, வீடு போய்ச் சேரும்வரை கீழே வைக்கக்கூடாது என்றார். என்மேல் அவருக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கோபத்தோடுதான் அத்தனையும் செய்தார்.

யாழினி கேட்டுக்கு உட்பக்கம் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். நான் பெரியப்பாவைப் பற்றிப் பேசினேன், வேன் புகையைப் பற்றி அவர் சொன்னதைச் சொன்னேன். அத்தை சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே என்னைக் கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க டீச்சர். எங்க அண்ணன் துணியக் கடல்ல விட்டா அது பாவமா?”

கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள்.

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று, இந்த ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது அக்கா என்பது. அதைச் சொல்லியிருந்தால் அத்தையின் மனம் இளகியிருக்கும், யாழினியும் பரீட்சைக்கு வந்திருப்பாள், ஒரு வருடம் நான் சொல்லிக்கொடுத்தது பொய்யாகியிருக்கும். இன்னொன்று பாடப்புத்தகத்தின் பதில். அது ஏற்கெனவே அந்த வீட்டில் ஒருமுறை சொல்லப்பட்டு, என்ன செய்தது என்பதும் தெரிந்திருந்தது. எலுமிச்சம்பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நெருக்கடியில் முடிவெடுப்பது என்று பெரியவர்கள் எழுதுவதைப் படித்திருக்கிறேன். எனக்கு முடிவு எதுவும் வரவில்லை. என் பதில் அந்த இடத்துக்கு ஆகாது என்பது மட்டும் தெரிந்தது.

“இதுக்கு யாழினி பதில் சொல்லட்டும் அக்கா” என்றேன். அவளைப் பார்த்து, “பரீட்சையில சொல்ற மாதிரி வேணாம். வேன்கிட்ட போய் சொல்லுவியே, அந்த மாதிரி சொல்லு” என்றேன்.

சொன்ன நொடியே பயம் வந்தது. ஒரு பெண்ணை அவள் துக்கத்தின் நடுவில், சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் எழுப்பி நிறுத்திவிட்டேனே என்று. மறுபடியும் பழைய வார்த்தைகளையே சொன்னாள் என்றால் எல்லாம் முடிந்தது.

அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

“அத்தே, போன வருசம் பெரியப்பா என்னைய மோரிப் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனாருல்ல. அங்க கரையில ஒரு சட்டை ஒதுங்கிக் கெடந்துச்சு. பாக்கெட்ல சீப்புகூட இருந்துச்சு. ஆளுங்க மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. பெரியப்பா அதை எடுத்து, மண்ணத் தட்டி, மடிச்சு ஒரு கல்லு மேல வச்சாரு. ‘யாரோட அப்பாவோ’ன்னு சொன்னாரு.”

அத்தை அவள் பக்கம் திரும்பினார்.

“பூவ விடுவோம், பிண்டத்த விடுவோம், அதக் கடல் எடுத்துக்கும். சட்டைய எடுத்துக்காது அத்தே, திருப்பிக் கொண்டாந்து போட்டுரும். பெரியப்பா சட்டைய யாரு எடுத்து மடிச்சு வைப்பாங்க?”

அவள் பிடித்திருந்த கம்பியின்மேல் அத்தை தன் கையை வைத்தார். பிறகு இருவரும் உள்ளே போய்விட்டார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பினோம். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதால் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் என்ன ஆகும் என்று கணவரை நச்சரித்தேன். பரீட்சையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை என்பது கார் ஷா ஆலாம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பேசியிருக்க வேண்டுமோ? எலுமிச்சம்பழம் கையில் சூடாகிப் போயிருந்தது.

அதன்பிறகு யாழினியிடமிருந்து செய்தி எதுவும் வரவில்லை. நானும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று எடுத்து எழுதி, அழித்து, எழுதி, அழித்தேன்.

தேர்வு நாளன்று பெட்டாலிங் ஜெயாவில் அந்தப் பள்ளி வாசலில் மற்றப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் உள்ளே போகத் தொடங்கிவிட்டார்கள். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல் என்று யாரோ சொன்னார்கள். நான் காவலாளியிடம் இன்னும் கொஞ்சம் கதவைத் திறந்து வையுங்கள் அண்ணே என்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, பின்னால் கறுப்பாகப் புகை விட்டுக்கொண்டு அந்த வேன் வந்து நின்றது. அந்தப் புகையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட சுற்றுச்சூழல் ஆசிரியை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்பா ஓட்டி வந்திருந்தார். யாழினி இறங்கினாள். தலைமுடி இன்னும் ஈரம், நெற்றியில் விபூதி, காலில் கடல்மண். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு உள்ளே ஓடினாள். பேச நேரமில்லை.

முன் இருக்கையிலிருந்து அத்தை இறங்கினார். பூசாரியைக் குறித்த நேரத்துக்கு முன்னாலேயே வரச் சொல்லிவிட்டாராம். துணிகளைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாராம், கோயிலில் கேட்டுவிட்டுத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கப்போகிறாராம். செருப்பும் கண்ணாடியும் என்ன செய்வது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்றார். கணக்கு ஒப்புவிப்பதுபோல இதையெல்லாம் சொல்லி முடித்து, மார்போடு அணைத்திருந்ததை என்னிடம் காட்டினார். வேன் இருக்கையில் பெரியப்பா போட்டுச் சாயும் தலையணை.

“இது மட்டும் புரியல டீச்சர். பஞ்சு மரத்துலதான காய்க்குது? இது கரையுமா? கடல்ல விடலாமா?”

பரீட்சை முடியட்டும் அக்கா, யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

யாழினிக்கு வேண்டிய மதிப்பெண் கிடைத்தது. இப்போது பினாங்கில் படிக்கிறாள். முகக் கேள்வியில் என்ன வந்தது என்று கேட்டேன். நகரத்தில் மரம் நடுவது பற்றியாம். “நெழல்ல வேன் நிறுத்த எடம் வேணும்னு பெரியப்பா சொன்னாரு டீச்சர், அதையும் எழுதிட்டேன்” என்றாள். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். பிள்ளைகளுக்குச் சரியான பதிலை நன்றாகச் சொல்லிக்கொடுங்கள். அதை யாரிடம் சொல்லப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். நான் பலகையில் எழுதிய வார்த்தைகளை எடுத்துக்கொண்டு ஒரு பெண் சாவு வீட்டில் எழுந்து நிற்பாள் என்று எனக்கு அன்றுவரை தோன்றியதில்லை. அவளுக்கு வழி விட்ட அந்த வீட்டுக்கும், முகம் வேண்டும் என்று சொன்ன பக்கத்து அறைக்காரருக்கும், அந்த முகமாக வருடம் முழுக்க வெயிலில் காத்திருந்தவருக்கும் நான் எப்படி நன்றி சொல்வது?

மகள் பிறந்தபோது அத்தை கிள்ளானிலிருந்து வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “நீ கேட்டுக்கு வெளியவே இருந்துட்டுப் போனவ” என்று கொஞ்சினார். கிளம்பும்போது வாசலில் நின்று, தலையணை விஷயம் யோசித்தீர்களா என்றார். தலையணை இன்னும் வேன் இருக்கையில்தான் இருக்கிறதாம். அடுத்த மாதம் பெரியப்பாவுக்குத் தலைத்திவசம். போன வாரம் மறுபடி கேட்டார்.

அறிவியல் தெரியும். இலவம்பஞ்சு மட்கும். ஆனால் லேசில் தண்ணீரை உறிஞ்சாது, முதலில் வெகுநாள் மிதக்கும். உறையின் நூலில் என்ன கலந்திருக்கிறதோ. கடலில் விட்டால் அதுவும் ஒருநாள் ஏதாவது ஒரு கரையில் ஒதுங்கும். இதை அப்படியே சொல்லிவிட்டால், அது எங்கே மிதந்துகொண்டிருக்கிறதோ என்று அவர் நினைத்துக்கொண்டே இருப்பார். விடவேண்டாம் என்றால், இறந்தவரின் பொருளை வீட்டில் வைத்திருக்கிறோமே என்ற பயம். சில சமயம், வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் அவர் கேட்கிறாரோ என்றும் தோன்றுகிறது. அப்படி இல்லாமல் நானே கற்பனை செய்துகொண்டு தப்பாகச் சொல்லிவிட்டால்?

இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். “எழுதுங்க லா. படிக்கிறவங்க யாராச்சும் பதில் சொல்லுவாங்க” என்றார். அதனால் கேட்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் திவசத்துக்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பாடப்புத்தகத்தைப் பார்த்து வேண்டாம். அந்தத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு வேன் பக்கத்தில் நிற்கிறாரே, அவர் முகத்தைப் பார்த்து எழுதுங்கள்.